கேர் வேறு, கியூர் வேறு

ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகள் கொண்ட இரண்டு சொற்கள் உண்டு: கேர், கியூர். எழுதிப் பார்த்தால் இரண்டாம் எழுத்து மட்டுமே வேறுபடும். ஒன்றில் ‘ஏ’, மற்றொன்றில் ‘யூ’. மருத்துவமனைப் பெயர்ப் பலகைகளிலும், காப்பீட்டுத் தாள்களிலும், மருந்துப் பெட்டிகளிலும் இவ்விரண்டும் அடிக்கடி தென்படுகின்றன. ஒரே வேரிலிருந்து கிளைத்த அக்கா தங்கைகள் போலத் தோன்றும் இச்சொற்களுக்கு இரத்த உறவே கிடையாது. புற்றுநோய் மருத்துவப் பிரிவில் பணிபுரியும் எனக்கு, ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவை நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொலைவு விளங்காததால் விளையும் துன்பம் பெரிது. ஆகவே, இம்முறை மாத்திரைகளைப் பற்றி எழுதாமல் சொற்களைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ‘கியூர்’. இது இலத்தீன் மொழியின் ‘கூரா’ என்னும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இன்று அதற்கு நோயை அடியோடு நீக்குதல் என்று பொருள் கொள்கிறோம். ஆனால் இலத்தீனில் ‘கூரா’ என்றால் அக்கறை, பொறுப்பு, கவலை என்பவையே பொருள். ஒன்றைப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்வதுதான் கூரா. ஆங்கிலத்தில் நுழைந்த தொடக்கத்திலும் இச்சொல்லுக்கு அந்தப் பொருளே இருந்தது. ஓர் ஊரின் மக்களுடைய ஆன்ம நலனைக் கவனிக்கும் பாதிரியாரின் பொறுப்பைக்கூட ‘கியூர்’ என்றே அழைத்தனர். பங்குத் தந்தையைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘க்யூரே’ என்கின்றனர். நோய் நீக்கம் என்னும் பொருள் சற்றுப் பிந்தி வந்து, நாளடைவில் பழைய பொருளை வெளியேற்றிவிட்டது.

பழைய பொருள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. நமக்குப் பழக்கமான பல சொற்களில் அது ஒளிந்திருக்கிறது. சேப்பாக்கம் மைதானத்தில் ஆடுகளத்தைப் பார்த்துக்கொள்பவரைக் ‘கியூரேட்டர்’ என்கிறோம். அவர் ஆடுகளத்தின் நோயைத் தீர்ப்பவர் அல்லர்; நீர் தெளித்து, உருளை இழுத்து, புல்லை அளவாக வெட்டி அதைப் பேணுபவர். அழகு நிலையத்தின் ‘மேனிக்யூர்’ கைகளைப் பேணுவது. ‘பெடிக்யூர்’ பாதங்களைப் பேணுவது. வீடு கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இன்னொரு சொல் நினைவுக்கு வரும். கான்கிரீட் தளம் போட்டபின் நாள் தவறாமல் தண்ணீர் தேக்கி வைப்பதை மேஸ்திரிகள் ‘க்யூரிங்’ என்பார்கள். இரண்டு நாள் ஊற்றிவிட்டு விட்டுவிட்டால் தளத்தில் விரிசல் காணும். அங்கே அச்சொல் குணப்படுத்துதலைச் சுட்டுவதில்லை. ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளும் பொறுமையான வேலையைச் சுட்டுகிறது. ‘செக்யூர்’ என்னும் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. ‘கூரா’ இல்லாத நிலை, அதாவது கவலையற்ற நிலை என்பதே அதன் முதற்பொருள்.

ரோமானியர்களிடம் கூராவைப் பற்றி ஒரு கதை இருந்தது. ஹைஜினஸ் என்பவர் பெயரில் வழங்கும் பழங்கதைத் தொகுப்பில் அது உள்ளது. கூரா என்னும் தேவதை ஆற்றங்கரைக் களிமண்ணை எடுத்து ஓர் உருவம் செய்கிறாள். ஜூபிடர் அதற்கு உயிர் கொடுக்கிறார். பிறகு அந்த உருவம் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு எழுகிறது. உடலைத் தந்த பூமியும் உரிமை கோருகிறாள். நடுவராக வந்த சனிக்கடவுளின் தீர்ப்பு இது: இறந்தபின் உயிர் ஜூபிடருக்கு, உடல் பூமிக்கு, உயிரோடு இருக்கும் காலம் முழுவதும் மனிதன் கூராவுக்கே உரியவன். கவலையும் கவனிப்பும் வாழ்நாள் முழுவதும் மனிதனோடு ஒட்டியிருப்பவை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலுமா என்று தெரியவில்லை.

இனி ‘கேர்’. இது இலத்தீன் வழி வந்ததன்று. ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொல். பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘காரு’. பொருள், துயரம்! புலம்பல், மனவேதனை என்றும் கொள்ளலாம். இயேசு சிலுவையில் உயிர்நீத்த நாளை நாம் புனித வெள்ளி என்றும் பெரிய வெள்ளி என்றும் சொல்கிறோம். ஜெர்மானியர்கள் அதனைக் ‘கார்ஃப்ரைடாக்’ என்கின்றனர். அந்தக் ‘கார்’ இதே வேரிலிருந்து வந்தது. புலம்பும் வெள்ளி என்பதே அதன் பொருள். துயரம் என்னும் பொருள் மெல்ல மெல்லக் கவலையாக மாறி, கவலை அக்கறையாக மாறி, அக்கறை கவனிப்பாக நிலைபெற்றது. ஒருவருக்காக வருந்துபவரே அவரைக் கவனிப்பார் என்பது இந்தப் பொருள் மாற்றத்தின் தருக்கமாக இருக்க வேண்டும்.

ஆக, ஒரு சொல் அக்கறையில் தொடங்கி நோய் நீக்கத்தில் முடிந்தது; மற்றொன்று துயரத்தில் தொடங்கி அக்கறையில் முடிந்தது. இரண்டும் வெவ்வேறு வீடுகளில் பிறந்து, வழியில் ஓரிடத்தில் சந்தித்து, மீண்டும் பிரிந்து சென்றவை.

இந்தப் பிரிவு தமிழில் இன்னும் சிக்கலாகிறது. ‘இன்டென்சிவ் கேர் யூனிட்’ என்பதை நாம் ‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ என்று எழுதுகிறோம். ‘கேர்’ என்பது இங்கே சிகிச்சையாகிவிட்டது. சிகிச்சை என்னும் வடசொல், கவனி, அறி என்னும் பொருளுடைய வேரிலிருந்து தோன்றியது. எனவே சொற்பிறப்பின்படி இம்மொழிபெயர்ப்பில் பிழை காண முடியாது. ஆனால் இன்று சிகிச்சை என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது நோயைப் போக்கும் செயல். சிகிச்சை நடந்தால் குணமாக வேண்டும். குணமாகாது என்றால் சிகிச்சைக்கு வேலையில்லை. இந்தக் கணக்குத்தான் ஆபத்தானது.

எங்கள் பிரிவில் நாங்கள் எழுதும் கோப்புகளில் ஒரு வரி உண்டு. அளிக்கப்படும் சிகிச்சையின் நோக்கம் என்ன என்று அதில் குறிக்க வேண்டும். ‘கியூரேட்டிவ்’ என்று எழுதினால், நோயை முழுமையாக நீக்கும் நோக்கில் சிகிச்சை தரப்படுகிறது என்று பொருள். ‘பாலியேட்டிவ்’ என்று எழுதினால், நோயைக் கட்டுக்குள் வைத்து, வலியையும் பிற தொல்லைகளையும் தணித்து, நல்ல நாள்களைக் கூட்டுவது நோக்கம் என்று பொருள். ஒரே கீமோதெரபி மருந்து ஒருவருக்கு முதல் நோக்கத்திலும் மற்றொருவருக்கு இரண்டாம் நோக்கத்திலும் தரப்படலாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஏறும் அதே நிறப் பாட்டில் தமக்கும் ஏறுவதைக் கண்டு, இருவருக்கும் ஒரே முடிவு வரும் என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கையை யாரும் குறை சொல்ல முடியாது. விளக்க வேண்டியது எங்கள் கடமை.

‘கியூர்’ என்னும் சொல்லை நான் வெறுக்கிறேன் என்று யாரும் கருத வேண்டாம். அது உரிய இடத்தில் பெருமைக்குரிய சொல். குழந்தைகளுக்கு வரும் கடுமையான நிணநீர் அணு இரத்தப் புற்றுநோய், முறையான சிகிச்சை கிடைத்தால், இன்று பெரும்பாலோருக்கு முற்றிலும் குணமாகிறது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா அப்படியே. சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து 1978-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபின், விதைப்பைப் புற்றுநோய் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய நிலையிலும் பலருக்குக் குணமாகும் நோயாக மாறியது. எனவே ‘பரவிவிட்டது’ என்னும் ஒற்றைச் சொல்லைக் கேட்டவுடனே முடிவு கட்டிவிடுவதும் தவறு. எந்தப் புற்றுநோய், எந்த நிலை, எந்த வயது, உடலின் மற்ற உறுப்புகள் எப்படியுள்ளன என்பவற்றைப் பொறுத்து விடை மாறும்.

ஆனால் மருத்துவத்தின் மிகப்பெரிய வெற்றிகளில் பல ‘கியூர்’ அல்ல என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இன்சுலினை எடுத்துக்கொள்வோம். 1921-இல் டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் அதைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் மரணத்தின் விளிம்பிலிருந்த 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அவன் அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அவனுடைய நீரிழிவு ஒரு நாளும் குணமாகவில்லை. நாள்தோறும் ஊசி, நாள்தோறும் உணவுக் கட்டுப்பாடு என, கான்கிரீட்டுக்கு நீர் ஊற்றுவது போன்ற ஓயாத பேணலே அவனுக்கு அத்தனை ஆண்டுகளைக் கொடுத்தது. புற்றுநோயிலும் இதற்கு இணையுண்டு. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு 2001-இல் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் மாத்திரை, ஒரு காலத்தில் சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோயை, மாத்திரை உட்கொண்டு இயல்பான ஆயுளை ஒட்டி வாழக்கூடிய நோயாக்கியது. பெரும்பாலோர் மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தாக வேண்டும். இதைக் ‘குணமாகவில்லை’ என்று சொல்லி வருந்துவதா, அல்லது நன்றாகப் பேணப்படுகிறது என்று மகிழ்வதா?

இந்த இடத்தில்தான் விளம்பரக்காரர்கள் நுழைகிறார்கள். ‘கியூர்’ விற்கும் சொல். ‘கேர்’ அவ்வளவாக விற்காது. புற்றுநோயையும் நீரிழிவையும் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. இவ்விரு நோய்களும் அச்சட்டத்தின் அட்டவணையில் பெயர் குறித்தே சேர்க்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக நடைமுறையில் உள்ள சட்டம் இது. இருந்தும், கைப்பேசியில் வந்த ஒரு காணொளியை நம்பி, நடந்துகொண்டிருந்த சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டு, நகையை அடகு வைத்துக் கொண்டுபோய் எங்கோ கொடுத்துவிட்டு, சில மாதங்கள் கழித்துத் திரும்பி வருவோரை நாங்கள் காண்கிறோம். குணப்படுத்தக்கூடிய நிலையில் சென்றவர் அந்த நிலையைக் கடந்தபின் வருவதே இதில் மிகக் கொடியது. ‘நூறு சதவீதம் குணம்’ என்று எவரேனும் உறுதி சொன்னால், அந்த உறுதியே ஐயத்துக்குப் போதுமான காரணம். எந்தப் பொறுப்பான மருத்துவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

மறுபக்கத்தில் மருத்துவர்களாகிய எங்கள் தரப்பில் புழங்கும் ஒரு தொடர் இருக்கிறது: ‘இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்.’ இதை மருத்துவமனைகளின் பேச்சிலிருந்தே நீக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘கியூர்’ இல்லை என்பதைச் சொல்ல வந்த வாய், ‘கேர்’ இல்லை என்று சொல்லிவிடுகிறது. குடும்பத்தினர் அதைக் கைவிடுதலாகவே புரிந்துகொள்கின்றனர். உண்மையில் அந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியவை ஏராளம். வலியைக் குறைக்கலாம், மூச்சுத் திணறலைத் தணிக்கலாம், வாந்தி, மலச்சிக்கல், வாய்ப்புண், படுக்கைப் புண், தூக்கமின்மை என ஒவ்வொன்றுக்கும் மருந்தும் முறையும் உண்டு.

பாலியேட்டிவ் என்னும் சொல்லின் பிறப்பும் அறியத்தக்கது. ‘பாலியம்’ என்றால் இலத்தீனில் மேலாடை. குளிரில் நடுங்குபவர் மீது மேலாடையைப் போர்த்துவது போன்ற மருத்துவம். குளிரை அது ஒழிப்பதில்லை, நடுக்கத்தைக் குறைக்கிறது. செவிலியராகப் பயின்று, சமூகப் பணியாளராகி, பின்னர் மருத்துவரும் ஆன சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியபோது இத்துறைக்கு நவீன வடிவம் கிடைத்தது. 1970-களில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பால்ஃபர் மவுண்ட் என்னும் மருத்துவர் இதற்குப் ‘பாலியேட்டிவ் கேர்’ என்று பெயரிட்டார். ‘ஹாஸ்பிஸ்’ என்னும் சொல்லுக்கு அந்நகரின் பிரெஞ்சு மொழியில் ஆதரவற்றோர் விடுதி என்னும் சாயல் இருந்ததே காரணம். சொல் மனத்தை எப்படி அச்சுறுத்தும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், ஊர்மக்களையே தன்னார்வலர்களாக்கி வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பேணும் முறையை வளர்த்து உலகின் கவனத்தை ஈர்த்தது.

‘அந்தப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் கதை முடிந்தது’ என்று காத்திருப்புக் கூடத்தில் பேசிக்கொள்வதை நான் அறிவேன். இதற்கு ஓர் ஆய்வை மறுமொழியாகத் தருகிறேன். 2010-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து வெளியான அந்த ஆய்வில், பரவிய நிலையில் புதிதாகக் கண்டறியப்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மற்றவர்களுக்கு அதனுடன் தொடக்கத்திலிருந்தே பாலியேட்டிவ் கேரும் சேர்த்துத் தரப்பட்டது. இரண்டாம் பகுதியினரிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. வாழ்க்கைத் தரம் மேம்பட்டிருந்தது. இறுதிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளுக்கு அவர்கள் குறைவாகவே ஆட்பட்டனர். ஆயினும் அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதங்கள், மற்றவர்களுக்கு 8.9 மாதங்கள். ஒரு வகைப் புற்றுநோயில் நடந்த ஓர் ஆய்வுதான். எல்லா நோய்க்கும் இதே கணக்கைப் பொருத்தக் கூடாது. ஆனால் பேணல் என்றால் சிகிச்சையைக் கைவிடுதல் என்னும் எண்ணத்தை மறுக்க இது போதும். இரண்டும் ஒருசேர நடக்கலாம், நடக்க வேண்டும்.

மார்ஃபின் பற்றியும் ஒரு சொல். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, மருத்துவத் தேவைக்கான மார்ஃபினும் நம் நாட்டில் அரிதாயிற்று. 2014-இல் செய்யப்பட்ட திருத்தம் உரிம நடைமுறைகளை எளிமையாக்கியது. சட்டம் இளகியது, வீடுகளில் அச்சம் இளகவில்லை. மருத்துவர் அளந்து தரும் மார்ஃபின் மாத்திரை புற்றுநோய் வலிக்கு முறையான மருந்து. அது மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. தந்தை வலியில் துடிக்கும்போது, பழகிவிடுமோ என்று அஞ்சி மாத்திரையைப் பீரோவில் பூட்டி வைக்க வேண்டாம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் 95-ஆவது. அதன் கடைசிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக வருபவர் ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம்; பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். நம் மருத்துவமனைகளில் ‘அட்டெண்டர்’ என்று அழைக்கப்பட்டு, ‘அட்டெண்டர் வெளியே இருங்கள்’ என்று நாள்தோறும் விரட்டப்படுபவர் அவரேதான். வள்ளுவர் மருத்துவருக்கும் மருந்துக்கும் நிகராக வைத்தவரை நாம் பாஸ் இல்லை என்று வாசலில் நிறுத்துகிறோம். கூட்டத்தைக் கட்டுப்படுத்தவும் தொற்றைத் தடுக்கவும் பாஸ் தேவைதான், அதை மறுக்கவில்லை. கேட்பது, அவர்களிடம் பேசும் தொனி சற்று மாறலாமே என்பதுதான்.

பழைய ‘காரு’வின் துயரம் இன்று முழுமையாக வாழ்வது இவர்களிடம்தான். நோயாளிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுத் தாம் உண்ண மறப்பவர்கள். இரவெல்லாம் பெஞ்சில் கிடந்து முதுகு வலியோடு எழுபவர்கள். தம் இரத்த அழுத்த மாத்திரையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். நோயாளியிடம் உண்மையைச் சொல்லாதீர்கள் என்று எங்களிடம் கைகூப்புபவர்கள். இந்தக் கடைசி வேண்டுகோள் அன்பினால் வருவது என்று எனக்குத் தெரியும். ஆயினும் அதற்கு முழுமையாக உடன்பட என்னால் இயலாது. தமக்கு என்ன நோய், சிகிச்சையின் நோக்கம் என்ன என்று அறிய விரும்பும் நோயாளிக்கு அந்த உரிமை உண்டு. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டு, அந்த அளவுக்கு மெல்லச் சொல்வதே முறை. சிலர் ‘மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்’ என்பார்கள். அதையும் மதிக்கிறோம். சொல்லாமல் மறைக்கப்பட்டவர்களில் பலர் எப்படியோ ஊகித்துவிடுகிறார்கள். ஊகித்ததை வெளியே காட்டாமல் குடும்பத்துக்காக அவர்களும் நடிக்கிறார்கள். இருபுறமும் நடிப்பு என்றால், நிலப் பத்திரம் யார் பெயரில், பேத்தியின் திருமணத்தை முன்னதாக வைக்கலாமா என்ற பேச்சுகளை எப்போது பேசுவது?

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது, ஸ்கேன் படத்தோடும் இரத்தப் பரிசோதனைத் தாளோடும் ஒரு கேள்வியையும் எடுத்து வாருங்கள். ‘டாக்டர், இப்போது தரும் சிகிச்சை நோயை முழுமையாக நீக்கும் நோக்கத்தில் தரப்படுகிறதா, கட்டுக்குள் வைக்கும் நோக்கத்தில் தரப்படுகிறதா?’ கோப்பில் அதற்கான விடை ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். விடை இரண்டாவது என்றால், அழுகை அடங்கியபின் மேலும் இரண்டு கேட்க வேண்டும். வலி, மூச்சுத் திணறல் போன்றவை வந்தால் இரவில் யாரை அழைப்பது? பாலியேட்டிவ் பிரிவை இன்றே ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்லலாமா? வெளியில் எத்தனை பேர் காத்திருந்தாலும், இக்கேள்விகளைக் கேட்டு விடை பெறாமல் நாற்காலியை விட்டு எழ வேண்டாம்.